க்யூஸ்பின்: கல்லூரி லேப்டாப்பில் எனியான்

தக்கலைப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் பிள்ளைகளுக்கு புராஜெக்ட் வழிகாட்டுகிறேன். ருபீடியம் அணுக்களைக் குளிர்விக்கும் லேசர் மேசையெல்லாம் எங்களிடம் கிடையாது. மழை பிடித்தால் கரண்டே நிற்பதில்லை, அது வேறு கதை. அதனால் எனியான் என்ற குவாண்டம் துகள்களை லேப்டாப்பிலேயே பார்த்துவிடுவோம் என்று, குவாண்டம் கணக்குகளைப் போடும் க்யூஸ்பின் என்ற பைத்தான் தொகுப்பை எடுத்தோம். பிலிப் வைன்பெர்க், மரின் புகோவ் இருவரும் 2017-இல் அறிமுகப்படுத்தியது. இலவசம்.

துகள்களில் போசான், ஃபெர்மியான் என இரண்டு வகை. இரண்டு போசான்களை இடம் மாற்றினால் அலைச்சார்பு (அவற்றின் நிலையைச் சொல்லும் கணிதச் சார்பு) அப்படியே இருக்கும். ஃபெர்மியான் என்றால் குறி மாறும். எனியானுக்கு இந்த இரண்டுக்கும் நடுவே எந்தக் கட்டமும் (phase, அலையின் கோண மாற்றம்) வரலாம். 2024-இல் சயன்ஸ் இதழில் வந்த ஹார்வர்டு சோதனை, லேசர் ஒளியால் ஆன ஒளியியல் அணிக்கோவையில் (optical lattice, அணுக்கள் உட்காரும் இடங்களின் வரிசை) ருபீடியம் அணுக்களை வைத்து இதை ஒரு பரிமாணத்தில் செய்துகாட்டியது. அணு பக்கத்து இடத்துக்குத் தாவும்போது, அங்கே ஏற்கெனவே எத்தனை அணு இருக்கிறதோ அதற்கேற்ற கட்டம் ஒட்டிக்கொள்ளும்படி செய்தார்கள்.

க்யூஸ்பினை நான் மெச்சுவது இங்கேதான். மொத்தம் இரண்டே அணு என்றால், ஒன்று தாவிப் போகிற இடத்தில் இருப்பது பூஜ்யம் அல்லது ஒன்று. ஆகவே அந்தக் கட்டம், சாதாரணத் தாவல் ஒன்று, எண்ணிக்கைச் செயலி (அந்த இடத்தில் எத்தனை அணு என்று எண்ணும் உறுப்பு) சேர்ந்த தாவல் ஒன்று என இரண்டாகப் பிரிந்துவிடும். பிள்ளைகள் ஹெர்மிட்டியன் இணையை, அதாவது எதிர்த்திசைத் தாவலை, எழுத மறந்தால் தொகுப்பு ஓடாமல் நின்று, எது விடுபட்டது என்றும் சொல்லிவிடும். அப்புறம், துகள் எண்ணிக்கையை நிலையாக வைக்கத் தெரிந்த தொகுப்பு இது. 10 இடம், 2 அணுவுக்கு 55 நிலைகளே (அணுக்கள் உட்காரும் விதங்களே) போதும். இடத்துக்கு மூன்று நிலை (0, 1 அல்லது 2 அணு) என்று கண்ணை மூடிப் பெருக்கினால் 59,049!

நடுவில் அடுத்தடுத்து இரண்டு அணுவை வைத்து ஓட்டினோம். தீட்டா (அந்தக் கட்டத்தின் கோணம்) பூஜ்யத்தில் இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து போகப் பார்க்கின்றன. பை மதிப்பில் ஆளுக்கொரு திசை. இடைப்பட்ட மதிப்பில் அணுக்களுக்கு இடையே விசையும் கொடுத்தபோது ஒரு மாணவி, “சார், இது என்ன ஒரு பக்கமாட்டே போவுது?” என்றாள். ஹார்வர்டு சோதனையிலும் அந்தச் சாய்வுதான் வந்தது. அவள் புராஜெக்ட் தலைப்பே இப்போது அதுதான்.

குறை இல்லாமல் இல்லை. செயலிகளைக் குறிகளாக எழுதும் முறை முதல்முறை பார்ப்பவரை மிரட்டும். படம் வரைய வேறு தொகுப்பு வேண்டும். மூன்றாவது அணு வந்தால் எண்ணிக்கையின் வர்க்க உறுப்பையும் நாமே சேர்க்கவேண்டும். 12 இடத்தில் 12 அணு என்றால் 13,52,078 நிலைகள். அந்த அணியை (matrix) முழுதாக நினைவகத்தில் வைக்கச் சுமார் 29 டெராபைட் வேண்டும். எங்கள் லேப்டாப்பில் 8 ஜிபி. ஐந்துக்கு நான்கு தருவேன். அவ்வளவு அணு வேண்டுபவர்கள், பெரிய அமைப்புகளைச் சுருக்கிக் கணக்கிடும் டென்சர் நெட்வொர்க் தொகுப்புகளைப் பார்க்கலாம்.