ஆயில் குடிக்கும் பழைய இன்ஜின்: கம்ப்ரஷன் மீட்டரா, காற்றுக்கசிவுச் சோதனையா, கேமராவா?

என் பழைய பெட்ரோல் கார் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு ஆயில் குடிக்கத் தொடங்கியது. அடுத்த ஆயில் மாற்றம் வருவதற்குள் டிப்ஸ்டிக்கில் அளவு கீழ்க்கோட்டைவிட்டு இறங்கிவிடும். இன்ஜினைப் பிரிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க மூன்று சோதனைகளையும் செய்து பார்த்தேன். என் ஓட்டு, பிளக் துளை வழியாகச் சிலிண்டருக்குள் விடும் சிறு கேமராவுக்குத்தான்.

அதற்கு முன் முடிக்க வேண்டிய சில வேலைகள் உண்டு. வால்வு கவர், ஆயில் பேன், கிராங்க் பின்பக்க சீல் ஆகிய இடங்களில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். கிராங்க் கேஸில் (இன்ஜினின் அடிப்பகுதியில்) சேரும் ஆவியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் பி.சி.வி. வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால், அங்குள்ள ஆயில் ஆவியை இன்ஜினே இழுத்து எரித்துவிடும். மலிவான பாகம் அது; சந்தேகம் இருந்தால் மாற்றிவிடலாம். பிறகு சமதளத்தில், இன்ஜின் ஆறியபின் அளவைக் குறித்து, 1000 கி.மீ. ஓட்டிவிட்டு அதே நிலையில் மறுபடி பாருங்கள். 1000 கி.மீ.க்கு அரை லிட்டர் குறைவதுகூட இயல்பே என்று கையேட்டில் எழுதும் நிறுவனங்கள் இருக்கின்றன. புகை வரவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். புகைக் குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் நல்ல நிலையில் இருந்தால் நீலப் புகையைப் பெருமளவு மறைத்துவிடும்.

கம்ப்ரஷன் சோதனை எல்லா மெக்கானிக்குகளுக்கும் பழக்கமானது. பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை அளக்கும் மீட்டரை மாட்டி, ஸ்டார்ட்டரால் சுற்றினால் போதும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். எண் ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் உடலுக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு).

காற்றுக்கசிவுச் சோதனை அதைவிட நுட்பமானது. பிஸ்டனைக் கம்ப்ரஷன் வீச்சின் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்தி, அது எங்கே சீறுகிறது என்று கேட்க வேண்டும். ஆயில் ஊற்றும் வாயில் சத்தம் வந்தால் ரிங், சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். காற்றழுத்தத்தில் கிராங்க் திடீரெனச் சுழலக்கூடும் என்பதால் அதன் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டியபடி விட்டுவிடக் கூடாது.

என் காரில் இரண்டு சோதனைகளுமே இன்ஜின் நன்றாக இருக்கிறது என்றன. ஆனால் ஆயில் குறைந்துகொண்டே இருந்தது. என் முடிவைத் தீர்மானித்தது இந்த முரண்தான்.

பெரும்பாலான பிஸ்டன்களில் மூன்று ரிங்குகள். மேலே உள்ள இரண்டும் அழுத்தத்தைத் தாங்குகின்றன. சுவரில் படியும் ஆயிலை வழித்துக் கீழே அனுப்பும் முக்கிய வேலை மூன்றாவதான ஆயில் ரிங்குக்கு. அதன் பள்ளத்தில் உள்ள வடிகால் துளைகள் கார்பனால் அடைபட்டாலோ ரிங்கே இறுகிப்போனாலோ, ஆயில் சுவரில் தங்கி எரிகிறது. மேல் ரிங்குகளோ நன்றாகவே அடைத்துக்கொண்டிருக்கின்றன. போதாததற்கு, சுவரில் மிஞ்சும் ஆயில் அந்த அடைப்பை இன்னும் இறுக்குகிறது. மீட்டர் நல்ல எண்ணைக் காட்டாமல் என்ன செய்யும்? வால்வு சீலிலும் இதே கதைதான். தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் அந்த ரப்பர் சீல் வால்வுத் தண்டின் மேல்பக்கம் இருக்கிறது. மூடிய வால்வுக்கு அப்பால் இருப்பதை அழுத்தச் சோதனை தொடுவதேயில்லை. ஆயில் எரிவதற்கான இரு முக்கியக் காரணங்களுமே இந்த இரண்டு சோதனைகளிலிருந்தும் தப்பிவிடுகின்றன.

கேமரா எண் எதையும் தருவதில்லை, ஆயில் போன தடத்தைக் காட்டுகிறது. பிஸ்டன் தலையின் நடுவில் கார்பன் கறுத்திருக்க, விளிம்பு மட்டும் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று ஈரமாக இருந்தால் ஆயில் ரிங் வழியாக மேலேறுகிறது. கிராங்கைக் கையால் சுற்றி இன்டேக் வால்வைத் திறந்து, வளையும் முனையுள்ள கேமராவால் அதன் முதுகைப் பார்க்கலாம். அங்கே தடித்த, ஈரமான படிவு இருந்தால் வால்வு சீலைச் சந்தேகிக்க வேண்டும். பிஸ்டனைக் கீழே இறக்கினால் சிலிண்டர் சுவரில் ஆயிலைப் பிடித்துவைக்கத் தயாரிக்கும்போதே போடும் குறுக்குக் கோடுகள் மிஞ்சியிருக்கின்றனவா, நெடுங்கீறல்கள் விழுந்திருக்கின்றனவா என்பதும் தெரியும். இந்த வேறுபாடு முக்கியம். பல இன்ஜின்களில் வால்வு சீலை ஹெட்டை இறக்காமலே மாற்றிவிடலாம். ரிங் என்றால் பிஸ்டனையே வெளியே எடுக்க வேண்டும்.

ஓட்டும்போது தெரியும் குறிகளையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் கிளம்பும்போதோ, நெடுநேரம் ஐடிலில் நின்றபின் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதோ நீலப் புகை வந்து அடங்கினால் அது பெரும்பாலும் வால்வு சீல். வேகமெடுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங்.

கேமராவுக்கும் குறை உண்டு. ரிங்கை நேரடியாகக் காட்டாது. பெட்ரோல் அதிகமாகத் தெளிக்கும் இன்ஜெக்டரும் பிஸ்டன் விளிம்பைக் கழுவிவிடும் என்பதால், படத்தைப் பழகிய கண் பார்ப்பது நல்லது. டீசல் இன்ஜினில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை. அங்கே டர்போ சீலும் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது.

என் காரில் ஒரு சிலிண்டரின் விளிம்பு மட்டும் கழுவியதுபோல் இருந்தது. சுவரில் கீறல் இல்லை. ஆகவே பிரிக்கவில்லை. கார்பன் கரைக்கும் திரவத்தைப் பிளக் துளையில் விட்டு இரவு முழுதும் ஊறவைத்து, பிளக் இல்லாமலே சுற்றி அதை வெளியேற்றி, ஆயிலையும் ஃபில்ட்டரையும் மாற்றினேன். குடிப்பது நன்றாகக் குறைந்திருக்கிறது, முழுதாக நிற்கவில்லை. அடுத்த ஆயில் மாற்றத்தின்போது அதே சிலிண்டருக்குள் மறுபடி கேமராவை விடப்போகிறேன்.