முழு சிக்னல், போகாத அழைப்பு: மலிவு பிரீபெய்டு சிம் வாங்குவோர் கவனத்துக்கு

3ஜி வலையமைப்பு மூடப்படும் நாட்டில் இருந்துகொண்டு, மாதக் கட்டணம் இல்லாத, பேசியதற்கு மட்டும் காசு கழியும் மலிவான பிரீபெய்டு சிம் ஒன்றை உங்களுக்கோ வீட்டுப் பெரியவர்களுக்கோ வாங்கலாம் என்று எண்ணியிருந்தால், பணம் கட்டுவதற்கு முன் இந்தப் பதிவை ஒருமுறை வாசித்துவிடுங்கள். என் தந்தையின் எண்ணுக்காக அப்படிப்பட்ட ஒரு திட்டத்தில் ஓராண்டுக்கான தொகையைக் கட்டினேன். 3ஜி நின்ற நாளிலிருந்து அந்த எண்ணிலிருந்து ஓர் அழைப்புகூடப் போகவில்லை; வரவும் இல்லை. கைபேசிதான் பழையது என்று நிறுவனம் திரும்பத் திரும்பச் சொன்னது. கைபேசியில் எந்தக் குறையும் இல்லை என்பதும், குறை அவர்கள் விற்ற திட்டத்திலேயே இருந்தது என்பதும் பின்னர் தெரியவந்தன. நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இதே வகைத் திட்டங்களை விற்கும் நிறுவனங்கள் பல இருப்பதால், பெயரைத் தெரிந்துகொள்வதைவிட இது எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதே உங்களுக்கு உதவும்.

அப்பா கைபேசியில் அதிகம் பேசுபவர் அல்லர். உறவினர்களின் அழைப்பை எடுப்பார், மருத்துவமனையில் முன்பதிவு செய்வார், வங்கியிலிருந்து வரும் ஓடிபியைப் பார்ப்பார், அவ்வளவுதான். இப்படிப்பட்டவருக்கு மாதந்தோறும் வரம்பற்ற டேட்டாவுக்குப் பணம் கட்டுவது வீண் என்பதால், இருப்புத் தொகை ஓராண்டு செல்லுபடியாகும் திட்டம் ஒன்றைத் தேடினேன். கிடைத்த நிறுவனத்துக்குச் சொந்தமாக ஒரு டவர்கூடக் கிடையாது. பெரிய நிறுவனத்தின் வலையமைப்பை மொத்த விலைக்கு வாங்கி, தன் பெயரில் சில்லறையாக விற்கும் எம்விஎன்ஓ வகையைச் சேர்ந்தது அது. அதில் தவறேதும் இல்லை. மலிவான திட்டங்களில் பெரும்பகுதி இத்தகைய நிறுவனங்களிடமிருந்துதான் வருகிறது.

வாங்குவதற்கு முன், கைபேசி பொருந்துமா என்று பார்க்க அவர்களே வைத்திருந்த பக்கத்தில் ஐஎம்இஐ எண்ணை உள்ளிட்டேன். *#06# என்று அழுத்தினால் திரையில் தோன்றும் 15 இலக்க எண் அது. பச்சை நிறத்தில் 'உங்கள் கைபேசி பொருந்தும்' என்று வந்தது. அதோடு நிற்காமல், வாடிக்கையாளர் சேவையில் உரையாடலைத் திறந்து, 3ஜி மூடப்பட்ட பிறகும் இந்தத் திட்டத்தில் அழைப்புகள் போகுமா என்று நேராகவே கேட்டேன். "4ஜி கைபேசி என்றால் எந்தப் பிரச்சினையும் வராது, கவலைப்படாதீர்கள்" என்ற பதில் எழுத்தில் வந்தது. அந்தப் பதிலைப் படமெடுத்து வைத்திருந்தது பிற்பாடு மிகவும் பயன்பட்டது.

மூடப்படும் நாள் வரை எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. இந்த ஏமாற்றம் முன்கூட்டியே வெளியில் தெரியாததற்கும் அதுவே காரணம். மூடிய பின் கைபேசியின் திரையில் 4ஜி என்ற குறி நின்றது, சிக்னல் கோடுகள் முழுமையாக இருந்தன, எஸ்எம்எஸ் வந்தது, வாட்ஸ்அப்பில் படங்கள்கூட வந்தன. அப்பா யாரையாவது அழைத்தால் மட்டும், மணி ஒலிக்காமலே 'அழைப்பு முடிந்தது' என்று காட்டியது. அவரை அழைத்தவர்களுக்கோ தொடர்பு எல்லைக்கு அப்பால் இருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது. ஓடிபி வந்துகொண்டிருந்ததால், எண் வேலை செய்யவில்லை என்பதே வீட்டில் பிறருக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

இதன் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பவர்களில் பலரும் இந்த இடத்தில்தான் மழுப்புகிறார்கள். 2ஜியும் 3ஜியும் குரலுக்கென்று தனிப் பாதை வைத்திருந்தவை. 2009-இல் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் முதன்முதலாக வணிகச் சேவைக்கு வந்த 4ஜியில் அந்தப் பாதை கிடையாது; அது டேட்டாவுக்காகவே வடிவமைக்கப்பட்டது. ஆகவே 4ஜியில் இருக்கும் கைபேசி ஒரு அழைப்பைச் செய்ய வேண்டுமானால் இரண்டே வழிகள் உள்ளன. ஒன்று, அந்த அழைப்பு முடியும்வரை 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேசிவிட்டு மறுபடி ஏறிக்கொள்வது. மற்றொன்று, குரலையும் டேட்டாவாக மாற்றி 4ஜியிலேயே அனுப்பும் வோல்ட்இ. பழைய வலையமைப்பு மூடப்பட்டால் முதல் வழி அடைபடுகிறது. 2016-இல் ஜியோ தொடங்கியபோது அதற்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. எனவே 4ஜி கைபேசி வைத்திருந்தும் வோல்ட்இ வசதி இல்லாதவர்கள் தனிச் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு பேச நேர்ந்ததை இந்தியாவில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் சந்தித்ததை, 3ஜியும் 2ஜியும் நின்றுபோன நாடுகளில் இன்று எல்லோரும் சந்திக்கிறார்கள்.

வோல்ட்இ வேலை செய்யக் கைபேசியின் வன்பொருளில் அந்த வசதி இருந்தால் மட்டும் போதாது. சிம் நிறுவனத்துக்குரிய அமைப்புக் கோப்பு கைபேசியின் மென்பொருளில் இருக்க வேண்டும்; வலையமைப்பு அந்தக் கைபேசி மாதிரியை ஏற்றுக்கொள்ள வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் எண்ணுக்கும் திட்டத்துக்கும் வோல்ட்இ இயக்கி வைக்கப்பட்டிருக்க வேண்டும். எங்களைக் கவிழ்த்தது இந்தக் கடைசி நிபந்தனை. அதைப் பற்றி விளம்பரத்தில் ஒரு சொல்லும் இல்லை, பொருத்தம் பார்க்கும் பக்கத்திலும் இல்லை. அந்தப் பக்கம் கைபேசி 4ஜி அலைவரிசைகளைப் பிடிக்குமா என்பதை மட்டுமே சோதித்துப் பச்சை காட்டியது.

புகார் செய்ததும் அலைக்கழிப்பு தொடங்கியது. சிம் விற்ற நிறுவனம் கைபேசியைக் குற்றம் சொன்னது. டவருக்குச் சொந்தமான பெரிய நிறுவனத்தைக் கேட்டால், நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் அல்லர் என்று முடித்துக்கொண்டது. கைபேசித் தயாரிப்பாளரின் சேவை மையமோ, அது சிம் நிறுவனம் செய்ய வேண்டிய அமைப்பு என்றது. மூன்று தரப்பில் கடைசித் தரப்பு சொன்னது மட்டுமே உண்மையான காரணம். இதற்கிடையே சிம் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் மிகுந்த அக்கறையுடன், "ஐயாவுக்குப் புதிய கைபேசி ஒன்றை எங்களிடமே வாங்கிக் கொடுத்துவிடுங்கள், தள்ளுபடி உண்டு" என்றார். இந்த அக்கறை எத்தனை வீடுகளில் தேவையற்ற கைபேசிகளை விற்றிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

முடிச்சை அவிழ்த்தவள் என் தங்கை. அவளிடம் இருந்தது வேறொரு சிறு நிறுவனத்தின் சிம். ஆனால் அதுவும் அதே பெரிய நிறுவனத்தின் டவரில்தான் இயங்குகிறது. அந்த சிம்மை அப்பாவின் கைபேசியில் போட்டதும் அழைப்பு உடனே போனது, குரலும் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. அதே கைபேசி, அதே டவர். மாறியது சிம் மட்டும். இதை எழுதி, பழைய உரையாடலின் படத்தையும் இணைத்து அனுப்பிய பிறகுதான், 'இந்தப் பிரீபெய்டு திட்டம் பழைய தொகுப்பைச் சேர்ந்தது, இதற்கு 4ஜி வழி அழைப்பு வழங்கப்படவில்லை, மாதத் திட்டத்துக்கு மாறினால் கிடைக்கும்' என்று பதில் வந்தது. மாறினால் மீதமுள்ள இருப்புத் தொகை போய்விடும் என்பது அதே கடிதத்தின் கீழே சிறிய எழுத்தில் இருந்தது. 3ஜியை எந்த நாளில் மூடப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகும், 3ஜி இல்லாமல் பேச முடியாத திட்டத்துக்கு ஓராண்டுப் பணத்தை வாங்கியிருக்கிறார்கள். இதை அறியாமல் நடந்த தவறு என்று நான் ஏற்க மாட்டேன்.

எனவே, பழைய வலையமைப்பு இன்னும் மூடப்படாத இடத்தில் இருப்பவர்கள் இப்போதே ஒரு சோதனையைச் செய்துகொள்ளலாம். வைஃபையை அணைத்துவிட்டு, யாரையாவது அழைத்து, பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் மேற்பகுதியைப் பாருங்கள். 4ஜி என்ற குறி அப்படியே நின்றால் நல்லது. அழைப்பின்போது அது 3ஜி, எச் (H) அல்லது ஈ (E) என்று மாறி, முடிந்ததும் மறுபடி 4ஜியாகிறது என்றால், உங்கள் அழைப்புகள் பழைய வலையமைப்பின் தோளில்தான் போய்க்கொண்டிருக்கின்றன. வைஃபையை அணைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: வைஃபை வழியாக அழைக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் வீட்டுக்குள் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும், வாசலைத் தாண்டியதும் அழைப்பு நின்றுவிடும். ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் *#*#4636#*#* என்று அழுத்தினால் திறக்கும் பட்டியலில், 4ஜியை மட்டும் பயன்படுத்துமாறு கட்டாயப்படுத்தும் தெரிவு இருக்கும். அதை வைத்து அழைத்துப் பார்த்தால் ஐயமே எஞ்சாது. சில தயாரிப்பாளர்கள் அந்தப் பட்டியலை அடைத்துவைத்திருக்கிறார்கள். சோதனை முடிந்ததும் பழைய தெரிவுக்குத் திரும்பிவிட வேண்டும்.

கைபேசி பக்கத்திலும் உண்மையான தடைகள் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஐபோன் 5எஸ் 4ஜியில் இயங்கும், ஆனால் அதில் வோல்ட்இ இல்லை. 2014-இல் வந்த ஐபோன் 6-இலிருந்துதான் அது வந்தது. வேறு நாட்டுச் சந்தைக்காகத் தயாரான கைபேசியில் வன்பொருள் இருந்தும் நீங்கள் இருக்கும் நாட்டு நிறுவனத்தின் அமைப்புக் கோப்பு இல்லாமல் போகலாம். அமெரிக்காவில் ஏடி&டி நிறுவனம் 2022 பிப்ரவரியில் 3ஜியை மூடியபோது, தான் ஏற்கும் கைபேசி மாதிரிகளின் பட்டியலை வெளியிட்டது; வோல்ட்இ வசதி இருந்தும் பட்டியலில் இடம்பெறாத மாதிரிகள் வெளியே நின்றன. ஊரிலிருந்து வரும்போது வாங்கிவந்த கைபேசியைப் பயன்படுத்துவோர் மாதிரியின் பெயரை மட்டும் பார்க்காமல், அமைப்புகளில் இருக்கும் முழு மாதிரி எண்ணையும் ஒப்பிட வேண்டும்.

அவசர அழைப்பு இதைவிடவும் சிக்கலானது. சில கைபேசிகள் சாதாரண அழைப்பை 4ஜியில் செய்தாலும், அவசர எண்ணை அழைக்கும்போது மட்டும் 3ஜியைத் தேடும்படி அமைக்கப்பட்டிருந்தன. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் 28 அன்று டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 3ஜியை மூடத் தொடங்கியபோது, 000 என்ற அவசர எண்ணை அழைக்க முடியாத கைபேசிகளை வலையமைப்பிலேயே அனுமதிக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது இதனால்தான். நேற்றுவரை பேசிய கைபேசி இன்று முற்றாகத் துண்டிக்கப்படுவது கொடுமையாகத் தோன்றலாம். நெஞ்சுவலி வந்த நேரத்தில் ஆம்புலன்சுக்கு அழைப்புப் போகாத கைபேசியைக் கையில் வைத்திருப்பதைவிட அது மேல். வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக அவசர எண்ணை அழைத்துவிடாதீர்கள். நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

எது மூடப்படுகிறது, எது மிஞ்சுகிறது என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். ஆஸ்திரேலியாவில் 2ஜி 2018-க்குள்ளேயே முடிந்துவிட்டதால், 3ஜி போனதும் இறங்குவதற்குப் படி இல்லை. ஜெர்மனியில் 2021-இல் 3ஜியை மூடியவர்கள் 2ஜியை விட்டுவைத்தார்கள். பிரிட்டனிலும் 3ஜி முதலில் போனது. 2ஜியும் 3ஜியும் 2033-க்குள் முற்றாக நிறுத்தப்படும் என்று அங்கே அரசும் நிறுவனங்களும் அறிவித்திருக்கின்றன. இத்தகைய இடங்களில் வோல்ட்இ இல்லாத மலிவுத் திட்டமும் 2ஜியைப் பிடித்துக்கொண்டு சில காலம் ஓடும். அதை நம்பி நீண்ட காலத் தொகையைக் கட்டலாமா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம், நான் கட்ட மாட்டேன். பயணம் செய்வோருக்கு ஒன்று: உள்நாட்டில் வோல்ட்இ கிடைத்தாலும், வெளிநாட்டு ரோமிங்கில் அது கிடைக்க இரு நிறுவனங்களிடையே தனி உடன்பாடு வேண்டும். மலிவுச் சேவைகளில் பலவற்றுக்கு அந்த உடன்பாடு இருப்பதில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, புதிய நிறுவனத்தில் மிகக் குறைந்த ரீசார்ஜில் தொடங்கி, அழைப்பைச் சோதித்துப் பார்த்த பிறகே பெரிய தொகையைக் கட்டுங்கள். எண்ணை அப்படியே கொண்டுசெல்ல விரும்பினால், மாற்றம் முடியும்வரை பழைய சிம்மை ரத்துசெய்யக் கூடாது, செல்லுபடிக் காலம் முடியவும் விடக் கூடாது. காலாவதியான எண் சிறிது காலத்துக்குப் பின் வேறொருவருக்குப் போய்விடும், வங்கி ஓடிபியும் அவரிடமே போகும். எண் மாறும்போது பழைய நிறுவனத்தில் கிடக்கும் இருப்புத் தொகை பொதுவாக உடன் வராது என்பதால், முதலில் அதைத் திரும்பக் கேட்டு எழுதுங்கள். நாங்கள் அந்த உரையாடல் படத்தை வைத்துத் தொலைத்தொடர்புத் தகராறுகளை விசாரிக்கும் அமைப்பிடம் போகப்போவதாக எழுதிய பிறகு, திரும்பத் தர விதியே இல்லை என்று அதுவரை சொன்ன தொகை திரும்ப வந்தது.

இப்போதே இத்தகைய திட்டத்தில் இருப்பவர்கள், "கைபேசி பொருந்துமா?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பச்சைக் குறிதான் பதிலாக வரும். எண், திட்டத்தின் பெயர், கைபேசியின் முழு மாதிரி எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு இப்படி எழுதி அனுப்புங்கள்: "இந்த எண்ணுக்கு, இந்தத் திட்டத்தில், வோல்ட்இ இன்று இயக்கப்பட்டுள்ளதா? 2ஜியும் 3ஜியும் இல்லாத நிலையில் இந்தக் கைபேசியிலிருந்து சாதாரண அழைப்பும் அவசர அழைப்பும் போகுமா? போகாவிட்டால் என் இருப்புத் தொகையை முழுமையாகத் திருப்பித் தருவீர்களா? ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் பதில் தரவும்."