போகிமான் கோ: 1500-க்குள் மூன்று பேரைத் தேடி

தெருவில் நடந்து போனில் போகிமான்களைப் பிடிக்கிற போகிமான் கோ கேம் 2016 டிசம்பரில் ஜியோவோடு சேர்ந்து இந்தியாவுக்கு முறைப்படி வந்தபோது நான் எட்டிப் பார்த்ததோடு சரி. நிஜமாகவே உள்ளே இறங்கியது 2020-இல், ஆளுக்கு மூன்று போகிமானை வைத்து மற்றவர்களோடு மோதுகிற கோ பேட்டில் லீக் தொடங்கிய பிறகுதான். அதற்கப்புறம் போன் மாறியிருக்கிறது, வீடு மாறியிருக்கிறது, இந்த கேம் மட்டும் கூடவே இருக்கிறது. பிடிப்பது, சேர்ப்பது, டெக்ஸ் என்ற பட்டியலை நிரப்புவது எல்லாமே சந்தோஷம்தான். ஆனால் இத்தனை வருஷம் என்னைப் பிடித்து வைத்திருப்பது அந்த மோதலின் ஒரு பிரிவான கிரேட் லீக். புதிதாகச் சேருகிறவர்கள் அதை எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விடுகிறார்களே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு போகிமானுக்கும் அதன் பலத்தைக் காட்டுகிற சிபி என்று ஓர் எண் உண்டு. மாஸ்டர் லீக்கில் அதற்கு வரம்பே கிடையாது. அல்ட்ராவில் 2500, கிரேட்டில் 1500. மாஸ்டரில் நிற்க வேண்டுமானால் போகிமானை வலுவாக்கச் செலவாகிற ஸ்டார்டஸ்டும் கேண்டியும் கையில் சேமிப்பாக வேண்டும். ஒரே ஒரு போகிமானை லெவல் 1-இலிருந்து 40-க்கு ஏற்ற 2,70,000 ஸ்டார்டஸ்ட், அங்கிருந்து 50-க்கு இன்னும் 2,50,000 ஸ்டார்டஸ்டும் 296 எக்ஸ்எல் கேண்டியும் ஆகும். லெஜண்டரி என்கிற அரிய வகைக்கு இரண்டாவது சார்ஜ்டு மூவ் (எனர்ஜி சேர்த்து அடிக்கும் பெரிய அடி) திறக்கவே ஒரு லட்சம் ஸ்டார்டஸ்ட். வேலைக்குப் போய்விட்டு வந்து ஆடுகிற ஒருவர் மூன்று பேரை அந்த உயரத்துக்குக் கொண்டுபோவதற்குள் எத்தனையோ சீசன் ஓடிவிடும். கிரேட் லீக் அப்படியில்லை. தெருமுனையில் பிடித்ததை வைத்தே ஆடலாம், ஜெயிக்கவும் செய்யலாம்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வருகிறது. பிடித்த போகிமானை அப்ரைஸ் செய்தால் தாக்குதல், தற்காப்பு, உயிர் என்று மூன்று பட்டைகள் தெரியும். ஒவ்வொன்றும் 0-இலிருந்து 15 வரை. மூன்றும் 15 என்றால் 'நூறு' என்போம், ஸ்கிரீன்ஷாட் பறக்கும். ஆனால் சிபி கணக்கிடும் சூத்திரத்தில் தாக்குதலுக்கு முழு எடை. தற்காப்புக்கும் உயிருக்கும் வர்க்கமூலம் மட்டும்தான். ஆகவே தாக்குதல் அதிகமிருந்தால் 1500 சீக்கிரமே முட்டிவிடும். தாக்குதல் 0, மற்ற இரண்டும் 15 என்று கிடைத்தால், அதே 1500-க்குள் இன்னும் சில லெவல் மேலே ஏற்றலாம். அடி கொஞ்சம் குறையும், ஆனால் எதிராளியின் அடியைத் தாங்கி நிற்கிற நேரம் கூடும். எல்லாப் போகிமானுக்கும் இது பொருந்தாது, பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்.

அக்கா பையன் ஒன்பதாவது படிக்கிறான். பெங்களூர் அல்சூரில் அவர்கள் வீட்டுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் வேலையே போகிமானை மாற்றிக்கொள்கிற டிரேடிங்தான்.

"மாமா, இந்த மாரிலைத் தூக்கிப் போட்டுடவா? தாக்குதல் பட்டை காலியா கிடக்கு."

"டேய், இருடா! கீழ ரெண்டும் பாரு. ரெண்டும் ஃபுல்லா?"

"ஒண்ணு ஃபுல், இன்னொண்ணு பதினாலு."

"அதை எனக்கு அனுப்பிடாத. அனுப்பினா நம்பர் மாறிடும். நீயே வெச்சு எவால்வ் பண்ணு."

டிரேட் செய்தால் மூன்று எண்களும் புதிதாகக் குலுக்கிப் போடப்படும் என்பது பலருக்குத் தெரியும். கேமில் நாள்பட்டுப் பழகி 'பெஸ்ட் ஃபிரண்ட்' நிலைக்கு வந்தவரோடு டிரேட் செய்தால் எந்த எண்ணும் 5-க்குக் கீழே வராது என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. பலர் சேர்ந்து பெரிய போகிமானை வீழ்த்துகிற ரெய்டுக்கு அது நல்லது, கிரேட் லீக்குக்கு எதிரி. தாக்குதல் 0 வேண்டுமென்றால் புதிதாகச் சேர்ந்த நண்பரோடுதான் டிரேட் செய்ய வேண்டும். இதற்காகவே கப்பன் பார்க்கில் முன்பின் தெரியாதவர்களிடம் போய்ப் பேசியிருக்கிறேன். கன்னடத்தில் தொடங்கி, இந்தியில் தடுமாறி, கடைசியில் "நீங்க தமிழா?" என்று முடிந்த சந்திப்புகள் அதில் நிறைய.

என் அணிக்கு வருகிறேன். ஸ்கார்மரி, மாரில் எவால்வ் ஆகி வருகிற அசுமரில், மட்கிப்பிலிருந்து வருகிற ஸ்வாம்பர்ட். முன்னால் நிற்பது ஸ்கார்மரி. ஸ்டீல், ஃபிளையிங் என்ற இரண்டு வகையும் சேர்ந்தது, புல் வகை அடி அதன்மேல் பாதிகூட இறங்காது. எலக்ட்ரிக்கும் நெருப்பும்தான் அதற்கு ஆகாது. நெருப்பை நீர் வகையான அசுமரில், ஸ்வாம்பர்ட் இரண்டுமே பார்த்துக்கொள்ளும். எலக்ட்ரிக்கை ஸ்வாம்பர்ட் துடைத்துவிடும். பின்னால் இருக்கிற இரண்டுக்கும் பொதுப் பகை புல். அதற்குத்தான் ஸ்கார்மரி.

எதிராளி எலக்ட்ரிக் வகையான லேன்டர்னை முதலில் இறக்குகிறார் என்று வையுங்கள். ஸ்கார்மரிக்கு எலக்ட்ரிக் ஆகாது, உடனே ஸ்வாம்பர்டுக்கு மாறுகிறேன். அவரும் சும்மா இருக்க மாட்டார், புல் வகையான வீனுசாரை இறக்குவார். ஸ்வாம்பர்டுக்குப் புல் அடி இரண்டு மடங்குக்கு மேல் விழும், அது போகப்போவது உறுதி. இங்கே பெரிய அடியைத் தடுக்கிற ஷீல்டைப் போடவே கூடாது. இரண்டு ஷீல்டுதான் ஒரு ஆட்டத்துக்கு. ஸ்வாம்பர்ட் விழுந்ததும் யாரை இறக்குவது என்பது என் இஷ்டம். அவர் மாற்றியது சற்றுமுன்தான், உடனே மறுபடி மாற்றவிடாத அவருடைய மாற்றுக் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். வீனுசாரை விட்டு அவரால் நகர முடியாது. ஸ்கார்மரி உள்ளே வருகிறது. வீனுசாரின் சிறு அடிகள் அதைச் சுரண்டக்கூட முடியாது. நான் அவசரப்படாமல் சின்ன அடியாலேயே முடித்து, எனர்ஜியைச் சேர்த்துக்கொண்டே போவேன். அடுத்தவர் வரும்போது என் கையில் இரண்டு சார்ஜ்டு மூவ் தயாராக இருக்கும். ஒன்றை இழந்து இரண்டை வாங்குகிற அந்த நிமிஷத்துக்காகவே இந்த கேமை ஆடலாம்.

எதிராளியின் அடிகளை எண்ணுவதையும் பழகிக்கொள்ளுங்கள். அசுமரிலின் சிறு அடியான பபிள் ஒன்றுக்கு 11 எனர்ஜி சேரும், பெரிய அடியான ஐஸ் பீமுக்கு 55 வேண்டும். ஐந்து பபிள் ஆனதும் ஐஸ் பீம் வரலாம். ஆறாவதும் அடித்துவிட்டுக் காத்திருந்தார் என்றால் 60 வேண்டியிருக்கும் பிளே ரஃப் வரலாம். ஸ்டீல் உடம்பில் பிளே ரஃப் ஏறாது, ஆகவே ஸ்கார்மரிக்கு ஷீல்டு வீணாக்க வேண்டாம். இந்த எண்கள் சீசனுக்குச் சீசன் மாற்றப்படும் என்பதால் புது சீசன் தொடங்கும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

ஸ்வாம்பர்டுக்கு ஹைட்ரோ கேனன் என்கிற சார்ஜ்டு மூவ் இருந்தால்தான் மரியாதை. அது கம்யூனிட்டி டே என்கிற சிறப்பு நிகழ்ச்சி நேரத்தில் எவால்வ் செய்தால் கிடைப்பது, இல்லையென்றால் எலைட் டிஎம் என்கிற அரிய பொருளைச் செலவழிக்க வேண்டும். கம்யூனிட்டி டே வழக்கமாக மதியம் 2 மணியிலிருந்து 5 மணி வரை நடக்கும். பெங்களூரில் அதற்குக் கப்பன் பார்க்கைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை உள்ளே வண்டி வராது, நூலகத்துச் சிவப்புக் கட்டடத்தின் பக்கம் மூங்கில் நிழலில் உட்காரலாம், பர்ப்பிள் லைனில் இறங்கினால் வாசல். பவர் பேங்க் மட்டும் மறக்காதீர்கள், மூன்று மணி நேரத்தில் பேட்டரி சுத்தமாகக் காலியாகும்.

குறைகளும் உண்டு. ஊருக்கு, கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் பிள்ளையார் கோயில் ஒன்றுதான் கேமுக்கான பொருள்கள் கிடைக்கிற ஸ்டாப். பிடிப்பதற்கும் பெரிதாக எதுவும் வராது. சிக்னல் தடுமாறினால் அரை விநாடிக் கணக்கில் நகர்கிற இந்த ஆட்டம் கைவிட்டுப் போகும், ஆகவே ஓடுகிற மெட்ரோவில் லீக் ஆடாதீர்கள். 2023-இல் இந்தி வந்துவிட்டது, தமிழும் வர வேண்டும் என்பது என் ஆசை. அக்கா மாதிரி ஆட்கள்கூட அப்போது ஆடுவார்கள்.

பணம் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். தூரத்திலிருந்தே ரெய்டில் சேர உதவுகிற ரிமோட் ரெய்டு பாஸ் 2023 ஏப்ரலில் கேமுக்குள் செலவாகிற 100 காயினிலிருந்து 195 ஆனது. ரெய்டையே நம்பி ஆடுகிறவர்களுக்கு அது பெரிய அடி. கிரேட் லீக்குக்கு ரெய்டு அவசியமே இல்லை. கேம் வரைபடத்தில் இருக்கிற ஜிம்மில் போகிமானைக் காவலுக்கு நிறுத்தினால் பத்து நிமிஷத்துக்கு ஒரு காயின், நாளைக்கு அதிகபட்சம் 50. நான்கு நாளில் 200 சேரும், அதை வைத்து 50 இடம் ஸ்டோரேஜ் வாங்குங்கள். தாக்குதல் பட்டை காலியாக இருப்பதையெல்லாம் வைத்துக்கொள்ள இடம் வேண்டுமே.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஸ்கார்மரி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாரிலும் மட்கிப்பும் கையில் இருந்தால், புல்லைத் தாங்குகிற ஸ்டீல் வகை ஏதாவது ஒன்றை முன்னால் நிறுத்தி இன்றைக்கே ஐந்து ஆட்டம் ஆடிப் பாருங்கள்.