விக்டோரியா பூங்காவா, ஹோர்ட்டன் சமவெளியா?

பறவைப் படம் எடுக்க நுவரெலியா வருகிறவர்கள் பலருக்கும் இருப்பது ஒரே காலைப்பொழுது. எங்கே போவது?

செலவு: பூங்கா டவுனுக்குள்ளேயே இருக்கிறது. சமவெளிக்கு வேன் பிடிக்கவேண்டும்.

பறவை: பூங்காவில் குளிர்காலத்தில் ஆறுமணிக்குருவி, காஷ்மீர் ஈப்பிடிப்பான். சுமார் 2,100 மீட்டர் உயரச் சமவெளியில், இலங்கையில் மட்டுமே வாழும் மஞ்சள்காதுச் சின்னான், இலங்கைச் சீகாரப் பூங்குருவி.

நெருக்கம்: பூங்காப் பறவைகள் ஆட்களுக்குப் பழகியவை, சின்ன லென்ஸே போதும். அதனாலேயே சிலர் மிக அருகில் போய்விடுகிறார்கள். சமவெளியிலோ, பூங்குருவியை வெளியே வரவழைக்க அதன் குரலை போனில் ஒலிக்கவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தன் எல்லைக்குள் இன்னொன்று புகுந்துவிட்டதென்று நினைத்து, இரை தேடுவதையும் விட்டு அது அலைக்கழியும்.

பிள்ளைகளோடு, முதல் கெமராவோடு வருபவருக்குப் பூங்கா. விடியுமுன் எழும்பி, படம் கிடைக்காவிட்டாலும் சரி என்று காத்திருப்பவருக்குச் சமவெளி.