பஞ்சு இறக்குமதி: வரியா, விலக்கா, திறந்த கதவா?

2021 பிப்ரவரியில் வெளிநாட்டுப் பஞ்சுக்கு 11 சதவீத வரி வந்தது. அடிப்படைச் சுங்கம் 5, விவசாயக் கட்டமைப்பு செஸ் 5, இவ்விரண்டின் மேல் பத்தில் ஒரு பங்கு சமூகநலக் கூடுதல் வரி. பருத்தி விவசாயிக்காக என்று சொல்லிப் போட்டது. 32 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மிக நீள இழைப் பஞ்சுக்கு மட்டும் 2024-இல் விலக்குக் கொடுத்தார்கள். நெல்லைச் சீமையில் பருத்திக் காடும் உண்டு, ஸ்பின்னிங் மில்லும் உண்டு. ஆகவே இங்கே மூன்று யோசனைகள் மோதுகின்றன: வரியை வைத்திருப்பது, நெருக்கடியில் மட்டும் விலக்குவது, வரியை ஒழித்துவிட்டு விவசாயிக்கு நேரே பணம் கொடுப்பது. மூன்றாவதே இரு தரப்புக்கும் நல்லது என்று உறுதியாகச் சொல்கிறோம்.

முதலில் வரியால் விவசாயிக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். ஒரு கண்டி, அதாவது 356 கிலோ பஞ்சு, 55,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 11 சதவீதம் 6,050 ரூபாய். கிலோவுக்கு 17 ரூபாய். ஒரு குவிண்டால் விதைப்பருத்தியை அரைத்தால் சுமார் 34 கிலோ பஞ்சு தேறும். வரியின் பலன் ஒரு பைசா சிந்தாமல் காட்டுக்கு வந்து சேர்ந்தாலும் குவிண்டாலுக்கு 578 ரூபாய்தான். மானாவாரிக் கரிசலில் ஏக்கருக்கு 3 குவிண்டால் எடுத்தவருக்கு அது 1,734 ரூபாய். அதுவும் முழுசாக வராது. இந்தப் பக்கம் ஐப்பசியை ஒட்டி விதைத்து மாசி, பங்குனியில் எடுப்பார்கள். எடுத்த கையோடு கமிஷன் கடையில் போட்டுவிட்டுக் கடனை அடைப்பார்கள். வரி கூட்டிக்கொடுக்கும் விலை, சரக்கை இருப்பு வைக்க முடிந்தவருக்குப் போகிறது.

மில்லின் கணக்கு வேறு. கழிவு போக ஒரு கிலோ நூலுக்குக் குறைந்தது 1.15 கிலோ பஞ்சு வேண்டும். ஆக நூல் கிலோவுக்கு ஏறக்குறைய 20 ரூபாய் கூடுகிறது. உள்ளூர்ப் பஞ்சை வாங்கினால் தப்பலாமே என்றால், அதன் விலையும் இறக்குமதி விலையை ஒட்டியே ஏறி நிற்கும். இழை நீளமும் இடிக்கும். இங்கே விளையும் கருங்கண்ணி என்னும் நாட்டுப் பருத்தி குட்டை இழை. 60-ஆம் நம்பர் போன்ற மெல்லிய நூலுக்கு அது நிற்காது. போதாததற்குச் சாக்கு நாரும் பிளாஸ்டிக் இழையும் தலைமுடியும் கலந்து வருகின்றன. பிளாஸ்டிக் இழை சாயத்தை ஏற்காமல் துணியில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும்; மொத்தத் துணியும் திரும்பி வரும். இதில் பெரிய அநியாயம், 2011 முதல் வங்கதேச ஆயத்த ஆடைகள் அநேகமாக வரியில்லாமல் உள்ளே வருகின்றன. தைத்த சட்டைக்கு வரி இல்லை, அதன் பஞ்சுக்கு வரி. வேலையை நாமே வெளியே அனுப்புகிறோம்.

ஏற்றுமதிக்கென்றால் முன் அனுமதி பெற்று வரியின்றி இறக்கலாம். பெரிய மில்லுக்குச் சரி. திருப்பூருக்கு நூல் விற்கும் சின்ன மில்லுக்கு அந்த உத்தரவாதமும் காகிதமும் கட்டுப்படியாகாது.

இரண்டாவது வழியான தற்காலிக விலக்கு, மூன்றிலும் மோசம். 2022-இல் ஏப்ரல் 14 முதல் செப்டம்பர் இறுதி வரை என்றார்கள், பிறகு அக்டோபர் 31 என்றார்கள். 2025-இல் ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 30 வரை மட்டும் என்று தொடங்கினார்கள். பிரேசிலில் பஞ்சு பேசி, ஏற்றி, கடல் கடந்து வருவதற்குள் அந்தக் கெடு முடிந்துவிடும். பத்து நாளில் டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். கையில் சரக்கு வைத்திருந்த வியாபாரிக்குத்தான் முதல் லாபம். ஆஸ்திரேலிய ஒப்பந்தப்படி வரியில்லாமல் வரும் 51,000 டன்னும் இப்படித்தான். அது 170 கிலோ பேல் கணக்கில் 3 லட்சம் பேல். ஒதுக்கீடு என்று வந்தாலே வரிசையும் சிபாரிசும் வந்துவிடும்.

அமெரிக்கா தன் விவசாயிக்கு மானியம் கொட்டும்போது நாம் மட்டும் கதவைத் திறப்பதா என்று கேட்பது நியாயமே. அந்த மானியத்தை எதிர்த்து 2002-இல் பிரேசில் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு வென்றது. மானியச் சரக்கு வந்தால் அந்த நாட்டுச் சரக்குக்கு மட்டும் ஈட்டுவரி போடச் சட்டத்தில் இடம் உண்டு. அதற்காகப் பிரேசில் பஞ்சுக்கும் சேர்த்து வரி போடுவானேன்?

ஆனால் திறந்த சந்தை விலையை ஏற்றவும் செய்யும், கவிழ்க்கவும் செய்யும். 1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் திருநெல்வேலிப் பஞ்சுக்கு லிவர்பூலில் கிராக்கி ஏறியது. போர் முடிந்ததும் விலை சரிந்தது. ஆகவே கதவைத் திறக்கும் அன்றே விவசாயிக்குக் கைப்பிடி வேண்டும்.

2025-26-இல் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு நடுத்தர இழைக்கு 7,710, நீள இழைக்கு 8,110 ரூபாய். அந்த விலைக்கு வாங்கும் இந்தியப் பருத்திக் கழகம், ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு மேல் போனால் விலையில் பிடித்தம் செய்யும், 12-ஐத் தாண்டினால் வாங்காது. அதனால் பனியோடு பறிக்காமல் வெயில் ஏறியபின் பறித்து, உலர்த்திக் கொண்டுபோக வேண்டும். கொள்முதல் மையம் தொலைவில் என்றால் வண்டி வாடகையிலேயே மிச்சம் போய்விடும். விலை வித்தியாசத்தை அரசு தரும் முறையை 2017-இல் மத்தியப் பிரதேசம் செய்து பார்த்தது. அரசு ஈடுகட்டும் என்று தெரிந்ததும் மண்டியில் விலை இறங்கியது. ஏக்கர் கணக்கில் தொகை கொடுத்தால் அந்தக் கோளாறு வராது. வரியால் வரக்கூடிய 1,734-ஐவிடக் கூட்டி, ஏக்கருக்கு 3,000 ரூபாயை விதைப்புக்கு முன்பே கணக்கில் போடலாம். தெலங்கானாவில் 2018-இல் ஏக்கர் தொகை பட்டாதாரருக்கே போய், குத்தகைக்காரர் விடுபட்டார். இங்கே அடங்கல் என்னும் பயிர்ப் பதிவேட்டில் பயிரிடுபவர் பெயரைக் கிராம நிர்வாக அலுவலர் புரட்டாசிக்குள் ஏற்றிவிட்டு, அந்தப் பெயருக்குத்தான் பணத்தை அனுப்ப வேண்டும்.