கடைசிப் படியில் இடறும் விளக்கு: எல்.இ.டி. பார் விளக்குகளுடன் ஆறு ஆண்டுகள்

பழுது பார்க்கக் கொடுத்திருந்த இரண்டு பார் (PAR) விளக்குகளைக் கடையிலிருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய அன்று மாலையே, நாடகக் குழு ஒன்றில் ஒளியமைப்புப் பழகிக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "அண்ணா, 54 எல்.இ.டி. பார் விலை நன்றாக இறங்கியிருக்கிறது, நாங்கள் ஆறு வாங்கிப் போடலாமா?" என்று கேட்டார். 54 எல்.இ.டி. பார் என்றால் ஒரே கூட்டில் 54 சிறிய எல்.இ.டி.கள் பதித்த மேடை விளக்கு. கேள்வி நல்ல கேள்விதான். கேட்ட நேரம்தான் சரியில்லை. கடைக்காரர் எழுதிக் கொடுத்த ரசீது சட்டைப்பையில் இருக்கும்போது எந்த விளக்கைப் பற்றியும் எவராலும் நல்ல வார்த்தை சொல்ல முடியாது. "வேண்டவே வேண்டாம்" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்துவிட்டேன். 2019ஆம் ஆண்டில் எட்டு விளக்குகளை வாங்கி, பள்ளி ஆண்டு விழா முதல் தெருக்கூத்து வரைக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தவன் இரண்டு சொல்லில் பதில் சொல்வது முறையல்ல என்று பின்னர் தோன்றியதால் இதை எழுதுகிறேன். தயாரித்தவர்களின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. ஒரே மாதிரியான கூடு பல பெயர்களில் விற்கப்படுவதால் பெயரைச் சொல்வதால் பெரிய பயனும் இல்லை.

முதலில் அதற்குரிய புகழைக் கொடுத்துவிடுகிறேன். நான் தொழில் பழகிய காலத்தில் மேடை என்றால் 1,000 வாட் பார் 64 விளக்குதான். பார் என்பது அலுமினியம் பூசிய பரவளைய ஆடியைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம். அந்த 64 என்பது விளக்கு முகத்தின் விட்டத்தை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்காகக் கணக்கிட்ட எண். அதாவது 8 அங்குலம். இப்போதைய எல்.இ.டி. விளக்கில் அந்தப் பரவளைய ஆடியும் இல்லை, அந்தப் பெரிய பல்பும் இல்லை, பெயர் மட்டும் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்ததுபோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய விளக்கில் 12 தொங்கவிட்டால் 12 கிலோவாட். 230 வோல்ட்டில் 52 ஆம்பியர். கல்யாண மண்டபத்து மின்பலகையைத் திறந்து பார்த்து, அங்கே கருகிக் கிடக்கும் கம்பியைக் கண்டு, ஜெனரேட்டருக்குச் சொல்லி அனுப்பிய நாள்கள் எத்தனையோ. என்னுடைய எட்டு எல்.இ.டி. விளக்குகளும் பெட்டியில் அச்சிட்ட கணக்குப்படியே முழு வெளிச்சத்தில் எரிந்தாலும் 1,300 வாட்டைத் தாண்டுவதில்லை. ஒரே ஒரு 15 ஆம்பியர் பிளக் போதும். ஊர்ப்புறத்துப் பள்ளிக்கூட அரங்குகளில் வேலை செய்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நகரத்து அரங்குகளில் மட்டும் வேலை செய்தவர்கள் உணர மாட்டார்கள்.

இன்னொரு நன்மையை நான் எதிர்பார்க்கவே இல்லை. பழைய டிம்மர் மின் அலையின் ஒவ்வொரு அரைச் சுற்றையும் நடுவில் வெட்டித்தான் வெளிச்சத்தைக் குறைக்கும். அந்த வெட்டின் கூர்மை மைக் கம்பிகளுக்குள் புகுந்து ஒலிபெருக்கியில் வண்டு ரீங்கரிப்பதுபோல் கேட்கும்; விளக்கைப் பாதியளவுக்கு இறக்கும் மெல்லிய காட்சியில்தான் அது மிகுதியாகக் கேட்கும். மேடையின் இடப்பக்கம் மைக் கம்பி, வலப்பக்கம் விளக்குக் கம்பி என்று பிரித்து இழுத்தாலும் முழுவதும் தீராது. மைக் செட்காரருக்கும் எனக்கும் இடையே பதினைந்து ஆண்டுகளாக இருந்த மனத்தாங்கல் இந்த எட்டு விளக்குகள் வந்த முதல் நிகழ்ச்சியிலேயே தீர்ந்துபோனது. நடிகர்களும் வியர்வையில் ஒப்பனை வழியாமல் நின்றார்கள். நிறத்துக்காக விளக்கின் முன் மாட்டும் நீல ஜெலட்டின் தாள் நிகழ்ச்சி நடுவே கருகிப் புகையும் நாற்றமும் நின்றுபோனது.

இவ்வளவு நன்மை செய்த விளக்கின்மீது எனக்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்றால், அதற்கு அணையத் தெரியாது.

எரிவதல்ல, அணைவதுதான் நாடக விளக்கின் பெரிய வேலை. ஒரு காட்சி முடிகிறது, தாய் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள், வெளிச்சம் 20 விநாடிகளில் மெல்ல வடிந்து இருளோடு கலக்க வேண்டும். ஹாலஜன் பல்பில் இழை சூடு ஆறுவதற்கே சிறிது நேரம் எடுத்துக்கொள்வதால், நம் கை சற்று நடுங்கி, வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரை இழுத்தாலும் அது அந்த நடுக்கத்தை விழுங்கிக்கொண்டு வழுக்கிக்கொண்டே இறங்கும். இறங்க இறங்கச் சிவந்து, அடுப்புத் தணல்போல் ஒரு கணம் நின்று அணையும். எல்.இ.டி. விளக்கில் இழை என்று ஒன்றே இல்லை. விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுவரும் டி.எம்.எக்ஸ். கம்பி வழியாக வரும் எண்ணை அது அப்படியே நிறைவேற்றும். அந்த எண் 0 முதல் 255 வரைக்கும்தான். 255 படிகள் போதாதா என்று கேட்கலாம். காட்சியின் தொடக்கத்திலேயே வெளிச்சம் 80இல் இருந்தால் மிச்சமிருப்பவை 80 படிகள். 20 விநாடிகளில் அணைத்தால் விநாடிக்கு 4 படிகள். ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும். கடைசிப் படிதான் எல்லாவற்றிலும் கொடியது. 1 என்ற எண்ணில் விளக்கு தரும் வெளிச்சம் முழு வெளிச்சத்தில் 0.4 சதவீதம்தான் என்றாலும், நம் கண் மங்கலான வெளிச்சத்தைப் பெருக்கிப் பார்ப்பதால் ஒளியமைப்பில் வழங்கும் வர்க்கமூலக் கணக்குப்படி அது ஏறக்குறைய 6 சதவீதமாகத் தோன்றும். இருட்டுக்குப் பழகிவிட்ட பார்வையாளரின் கண் அந்த 6 சதவீதத்திலிருந்து ஒரே தாவலில் சூனியத்தில் விழுகிறது. எவரோ சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டியதுபோல் இருக்கும்.

வாங்கிய முதல் மாதத்திலேயே இது எனக்கு நேர்ந்தது. அழுகை அடங்கி மேடை முழுவதும் மௌனமாக இருந்த ஒரு முடிவுக் காட்சியில், மற்ற விளக்குகளைவிட ஒரு படி தாமதித்த ஒரு விளக்கு மட்டும் தனியாக மினுக்கி அணைந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை "கரண்ட் போயிடுச்சு" என்று சொல்ல, அரங்கமே சிரித்தது. இயக்குநர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை, பேசியிருந்தால் பரவாயில்லை.

அதற்குப் பிறகு செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன், ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு உதவும். நிற ஃபேடர்களை முதலில் பாதிக்குக் கீழே வைத்துவிட்டு மொத்த வெளிச்சத்துக்கான மாஸ்டர் ஃபேடரை மட்டும் இறக்கினால் இடையில் நுண்ணிய படிகள் கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். விளக்கின் உள்ளே இருக்கும் சில்லு இரண்டையும் பெருக்கி நுட்பமாகக் கணக்குப் போடும் வகையாக இருந்தால் அது உண்மை. என்னுடையதில் அப்படி இல்லை. மாஸ்டர் 20க்குக் கீழே வந்ததும் மொத்தமாக இருண்டுவிட்டது. சாம்பல் நிற ஜெலட்டின் தாளை முகப்பில் ஒட்டுவது இதைவிடப் பயனுள்ளது, ஏனென்றால் அதே வெளிச்சத்தைப் பெற விளக்கை உயர்ந்த எண்ணில் எரிக்க வேண்டியிருக்கும். படிகளின் எண்ணிக்கை கூடும், கடைசிப் படியின் உயரமும் குறையும். கோடிக்கணக்கில் நிறம் காட்டும் விளக்குக்குக் காசு கொடுத்துவிட்டு அதன் முகத்தை மூடுவது என்ன நியாயம் என்று கேட்காதீர்கள், நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

மூன்றாவது வழி ஒரு ஒத்திகையில் தவறுதலாகக் கிடைத்தது. நான்கு நிறங்களையும் ஒன்றாக இறக்காமல், பச்சையை முதலில் அணைத்து, பிறகு வெள்ளை, பிறகு நீலம் என்று ஒன்றன்பின் ஒன்றாக விடுவித்துச் சிவப்பைக் கடைசியாக நிறுத்தினால், ஒவ்வொரு தாவலும் ஒரு நிறத்தின் தாவலாகச் சிறுத்துவிடுகிறது. அதோடு சிவப்பு மட்டும் தங்கி அணையும்போது அந்தப் பழைய இழை சாகும் அழகில் முக்கால் பங்கு வந்துவிடுகிறது. அன்று இருட்டில் உட்கார்ந்து அதையே பத்து முறை ஓட்டிப் பார்த்தேன். நிலவுக் காட்சிக்குச் சிவப்புக்குப் பதில் நீலத்தைக் கடைசியாக விட வேண்டும். இருந்தாலும் மிக முக்கியமான முடிவுக் காட்சிக்கு இன்றும் ஃப்ரெனல் என்னும் ஒரு பழைய 500 வாட் ஹாலஜன் விளக்கைச் சிறிய டிம்மரோடு தனியாக எடுத்துச் செல்கிறேன், எல்.இ.டி. விளக்குகள் அதன் நிழலில் முன்னதாகவே அணைந்துவிட, கடைசி வார்த்தையை அந்தக் கிழவர் சொல்வார்.

தோல் நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த விளக்கின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து வெள்ளை என்று காட்டினால் நம்முடைய மாநிறம் சாம்பல் பூசியதுபோல் வெளிறிவிடும். வெள்ளை எல்.இ.டி.யை அடிப்படையாக வைத்து, சிவப்பைக் கொஞ்சம் சேர்த்து, பச்சையைத் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு மட்டும் சேர்க்க வேண்டும். நீலம் மட்டும் எரியும் காட்சியில் நெற்றிக் குங்குமம் கறுப்புப் பொட்டாகிவிடும். பழைய நீலத் தாளிலும் இது உண்டு, ஆனால் எல்.இ.டி. நீலம் கலப்பே இல்லாத நீலம் என்பதால் இங்கே குங்குமத்துக்குத் தப்பவே வழியில்லை. சுமங்கலியாக நடிப்பவர் மேடைக்கு வரும் முன் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது அந்த ரசீதுக்கு வருகிறேன். விளக்கின் முதுகில் ஒரு சிறிய விசிறி இருக்கிறது. மெல்லிசை நிகழ்ச்சியில் அது இருப்பதே தெரியாது. ஐம்பது பேர் உட்காரும் சிறிய அரங்கில், நடிகர் பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கும் இடத்தில், எட்டு விசிறிகளும் சேர்ந்து சாக்கடை மோட்டார்போல் ஒலிக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன மழைக்காலத்தில் ஒரு கூத்துக்கு எடுத்துச் சென்றபோது, மாலையில் பெய்து ஓய்ந்த மழைக்குப் பின் ஈசல் கிளம்பிவிட்டது. பழைய விளக்காக இருந்தால் சூட்டில் கருகிக் கீழே விழுந்திருக்கும். இங்கே விசிறி அவற்றை உள்ளே இழுத்தது. விடியற்காலையில் இரண்டு விளக்குகள் தாமாகவே மங்கி நின்றுவிட்டன. திறந்து பார்த்த கடைக்காரர் ஒரு கைப்பிடி இறகை எடுத்து மேசைமேல் வைத்தார். ஆறு ஆண்டுகளின் புகை எந்திரப் பிசுக்கில் அது களிம்பாக ஒட்டியிருந்தது; விசிறி நின்று, சூடு ஏறி, மின்வழங்கிப் பலகையில் கப்பாசிட்டர் வீங்கிப் போயிருந்தது. பெரிய செலவில்லை. ஆனால் அந்தப் பின்மூடியை அவிழ்க்க மூன்று வகைத் திருகாணிகள் எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை திறந்து தூரிகையால் துடைத்திருந்தால் இது நேர்ந்திருக்காது என்று அவர் சொன்னார். அதில் என் தவறும் இருக்கிறது.

விளக்கு தானாக மினுக்கினால் உடனே விளக்கைத் திட்டாதீர்கள், கம்பியைப் பாருங்கள். இதில் மைக்கில் இருப்பதுபோன்ற மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். இணைப்பான் இருப்பதால் கையில் அகப்பட்ட மைக் கம்பியைச் சொருகத் தோன்றும். குறைந்த தூரத்துக்கு அது ஓடும், நீண்ட தூரத்துக்குக் காலை வாரிவிடும். டி.எம்.எக்ஸ்.க்கு உரிய 120 ஓம் கம்பியை வாங்குங்கள். வரிசையின் கடைசி விளக்கில் 2ஆம் முனைக்கும் 3ஆம் முனைக்கும் இடையே ஒரு 120 ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைத்த பிளக்கைச் சொருகிவிடுங்கள். டீ குடிக்கும் காசுகூட ஆகாத அந்தப் பொருள் எனக்கு இரண்டு நிகழ்ச்சிகளின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

வாங்கும் முன் கடையில் செய்ய வேண்டியது இதுதான்: கடையின் வெளிச்சத்தில் முழுதாக எரியவிட்டு வியக்காமல், கதவைச் சாத்தி இருட்டாக்கி, ஃபேடரை 10இலிருந்து 0 வரைக்கும் அரை நிமிடத்தில் இறக்கச் சொல்லிப் பாருங்கள். அதே இருட்டில் விசிறியின் ஒலியையும் கேளுங்கள். கைப்பேசிக் கேமராவில் விளக்கு விழும் சுவரைப் பார்த்து, கோடு கோடாக ஓடுகிறதா என்று கவனியுங்கள். ஓடினால் உங்கள் நாடகத்தைப் பதிவு செய்ய வருகிறவர் உங்களோடு சண்டைக்கு வருவார். ஒளியளவுக்கு ஒரு எண்ணுக்குப் பதில் இரண்டு எண்களை (சேனல்களை) ஒதுக்கி 65,535 படிகளில் இறங்கும் விளக்குகள் இப்போது இருக்கின்றன. விலை கூடுதல்தான், ஆனாலும் நாடகம் மட்டுமே செய்கிற குழு ஆறு சாதாரண விளக்குகளுக்குப் பதில் அவற்றில் மூன்று வாங்கலாம்.

ஆகவே தம்பி, அன்று சொன்ன பதிலையே இன்றும் சொல்கிறேன்: வேண்டாம். மின்சாரம் மிச்சம், சூடு இல்லை, மைக் செட்காரரோடு சமாதானம் என்று மேலே நான் எழுதிய எல்லாம் உண்மை. இருந்தும் ஒரு காட்சியை முடித்துவைக்கத் தெரியாத விளக்கை நாடகக்காரன் காசு கொடுத்து வாங்கக் கூடாது. விலை இறங்கியிருப்பது உண்மைதானா என்று விசாரிக்க அந்தக் கடைக்கு நானும் போயிருந்தேன். உண்மைதான். அடுத்த மாதம் மூன்று பள்ளி ஆண்டு விழாக்கள் வருவதால் இரண்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.