வருமானம் இல்லை என்று 'சான்று' எடுத்துத் தருபவர்களிடம் கவனம்

வேலை போன பிறகு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால், இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை வருமானம் இல்லை என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். சம்பளம் வந்ததைக் காட்டச் சம்பளச் சீட்டு இருக்கிறது. வராததை எதைக் கொண்டு காட்டுவது? இந்தத் தவிப்பில்தான் ஒரு ஏஜென்ட் என்னிடம் காசு பார்த்தார்.

"நோட்டரி முத்திரையோடு ஒரு பிரமாணப் பத்திரம் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முழுப் பணத்தையும் முன்பே வாங்கிக்கொண்டார். அலுவலகத்தில் அதைப் புரட்டிவிட்டு, "இது நீங்களே சொல்வது. ஆதாரம் எங்கே?" என்றார்கள். கேட்டதில் தப்பில்லை. கையெழுத்துப் போட்டது நான்தான் என்பதற்குத்தான் நோட்டரி சாட்சி, என் கையில் காசு இல்லை என்பதற்கு இல்லை.

ஏஜென்ட் அதைவிடப் பெரிய வேலை ஒன்றையும் செய்திருந்தார். எனக்குக் காட்டிய நகலில் சரியான தேதி. ஆன்லைனில் அனுப்பியதில், கூடுதல் பணம் வரட்டும் என்று, நான் வேலையை விட்ட நாளை உண்மையான தேதிக்கு முந்தைய ஒரு நாளாக மாற்றியிருந்தார். பழைய நிறுவனம் தந்த விவரத்தோடு அது ஒத்துப்போகவில்லை. விண்ணப்பம் அப்படியே நின்றது. பதில் சொல்ல வேண்டியவன் நான், ஏனென்றால் ஏஜென்ட் பெயர் எந்தத் தாளிலும் கிடையாது. கேட்டால் "சிஸ்டத்தில் அப்படித்தான் வரும் சார்" என்றார். அப்புறம் போனே எடுக்கவில்லை.

கடைசியில் வேலைக்கு ஆனது யாரிடமும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லாத காகிதங்கள்தான்: தேதி போட்ட பணி விடுவிப்புக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, எல்லா வங்கிக் கணக்குகளின் ஸ்டேட்மென்ட். ஒரு வரவும் இல்லாத மாதத்தின் பக்கத்தை வீண் என்று எடுத்துவிடாதீர்கள், உங்களுக்குச் சாட்சியே அந்தப் பக்கம்தான். பயன்படுத்தாத பழைய கணக்கு இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

சிக்கல் வருவது ஸ்டேட்மென்ட்டில் உள்ள வரவுகளால். மச்சான் அனுப்பிய கைமாற்றும், வேலையை விட்ட பிறகு வந்து சேர்ந்த பாக்கிச் சம்பளமும் பார்ப்பவருக்கு வருமானமாகத்தான் தெரியும். ஒவ்வொரு வரவுக்கும் பக்கத்தில் யார், எதற்காக என்று எழுதி, கொடுத்தவரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். பாக்கிச் சம்பளம் எந்த மாதத்துக்கானது என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். இரண்டு நாள் சில்லறை வேலை பார்த்திருந்தாலும் சொல்லிவிடுங்கள். அதை மறைத்து மாட்டினால் உண்மையாகச் சொன்ன மற்ற மாதங்களையும் நம்ப மாட்டார்கள்.

"அப்படியானால் எப்படிச் சாப்பிட்டீர்கள்?" என்றும் கேட்பார்கள். கேட்கும்போது கோபம் வரும். ஆனால் வாடகை பாக்கிக்கு வந்த நோட்டீஸ், நகை அடகு ரசீது, சேமிப்பிலிருந்து எடுத்த கணக்கு எல்லாம் இந்த இடத்தில்தான் கைகொடுக்கும்.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு இருக்கும், வாய்மொழிப் பதிலை நம்பி அதைத் தவறவிட வேண்டாம்.

ஏற்கெனவே யாரிடமாவது வேலையைக் கொடுத்திருந்தால் இன்றே ஆன்லைன் விண்ணப்பத்தின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, பதிவில் உள்ள போன் எண்ணும் வங்கிக் கணக்கும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். என் பதிவில் அந்த ஆளின் எண்தான் இருந்தது. விளக்கம் கேட்டு அலுவலகம் அனுப்பிய செய்திகளெல்லாம் அவருக்கே போயிருக்கின்றன.